மீன் தொட்டிக்கு ஒரு மேடை

மணலி ஆலைகளைத் தாண்டிச் சடையங்குப்பம் போயிருக்கிறீர்களா? கொசஸ்தலையாறு பெருகினால் தண்ணீர் தெருவுக்குள் வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகும் ஊர் அது. அங்கே நண்பர் வீட்டில் கடல்மீன் தொட்டிக்கு இரும்பு மேடை வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

தொட்டி 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். கொள்ளும் கடல்நீரே ஏறக்குறைய 700 கிலோ! பாறை வேறு. பவளப்பாறை அல்ல, அதை 2001 முதல் சட்டம் காக்கிறது. இது சிமெண்டில் செய்தது.

"பாரத்தை வெல்டிங் தாங்கக் கூடாது சார், கால்தான் தாங்கணும்" என்றார் பட்டறைக்காரர். மேல் சட்டம் கால்களின் பக்கத்தில் தொங்காமல், அவற்றின் தலைமேலேயே உட்கார்ந்திருந்தது. உப்பு தின்னாதிருக்க இரும்பெங்கும் வர்ணம்.

பிறகு, தண்ணீர் நிரப்பிய டியூபை எடுத்து மூலைக்கு மூலை மட்டம் பார்த்தார். ஒரு கால் ஒரு நூல் தாழ்வு. தகடு செருகினார். கோணல் நின்றால் பாரம் ஒரு பக்கம் சாய்ந்து, கண்ணாடி ஒட்டு ஒருநாள் விட்டுவிடுமாம்.

"டியூப் மட்டம் தப்பாதா?" என்றேன்.

அவர் சிரித்தார். "2015 வெள்ளத்துல என் வீட்டுச் சுவர்ல தண்ணி ஒரு கோடு போட்டுட்டுப் போச்சு சார். நாலு சுவர்லயும் ஒரே மட்டம்! அந்தக் கோட்டுக்கு மேலேதான் இப்போ தரை போட்டிருக்கேன்."

மீனுக்கு மட்டுமா மேடை வேண்டியிருக்கிறது!