பால் மறப்பதற்கு முன்

இலங்கையில் பிள்ளைக்கு ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் மட்டும். பிறகு சோறும் பருப்பும் தொடங்க, இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் கூடவே வரும். கண்டி நகரத்துக் கிளினிக்கிலும் ஹந்தானைத் தோட்டத்திலும் குடும்பநல உத்தியோகத்தர் சொல்லித்தருவது இதைத்தான். உணவு ஒவ்வாத பிள்ளைக்கும் ஒழுங்கு இதுவே. நிதானம்தான் கூட வேண்டும்.

ஒவ்வாமை சில வேளை சோற்றுக்கு முன்பே தலைகாட்டும். தாய் குடித்த பால் தேத்தண்ணியிலும் உண்ட முட்டையிலும் உள்ள புரதம் மிகச் சிறிதளவு தாய்ப்பாலில் இறங்குகிறது. பசும்பால் ஒவ்வாத சில பிள்ளைகளுக்கு அதுவே மலத்தில் இரத்தக் கோடாகவோ ஆறாத கரப்பனாகவோ வெளிப்படும். உடனே வீட்டில் பாலை மறக்கடிக்கும் பேச்சு எழும். வேப்பிலை அரைத்து மார்பில் பூசும் பழைய வழக்கமும் நினைவுக்கு வரும். ஆனால் விலக்கவேண்டிய பால் இருப்பது தாயின் கோப்பையில். வைத்தியரின் சொற்படி இரண்டு முதல் நான்கு வாரம் பால்மா, தயிர், பட்டர், பால் சேர்ந்த பிஸ்கட் எல்லாவற்றையும் தாய் விட்டுப் பார்க்கிறார். குணம் கண்டால் மீண்டும் சேர்த்துப் பார்த்தே காரணம் உறுதியாகிறது. 1973 முதல் வழங்கப்படும் திரிபோஷாச் சத்துமாவிலும் சோளம், சோயாவுடன் பால்மா உண்டு. பாலூட்டும் தாய்மாருக்கும் அது கிடைப்பதால் இந்த நாட்களில் அதையும் கணக்கில் எடுக்கவேண்டும். கல்சியத்துக்குக் குரக்கனும் முள்ளோடு உண்ணும் நெத்தலியும் கைகொடுக்கும். ஆட்டுப்பால் மாற்றாகாது. பசும்பால் ஒவ்வாதவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதுவும் ஒவ்வாது.

அடுத்தது சோறூட்டல். கோயிலில் பிள்ளையின் வாயில் வைக்கும் சர்க்கரைப் பொங்கலில் அரிசி, பயறு, பால், நெய், கஜு எல்லாம் ஒரே கவளத்தில் சேர்ந்துவிடும். முகம் தடித்தால் எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. அயலில் உள்ள சிங்கள வீட்டில் அதே சடங்குக்கு வைக்கும் பாற்சோறு அரிசி, தேங்காய்ப்பால், உப்பு மட்டுமே. பசும்பால் ஒவ்வாத பெரும்பாலான பிள்ளைகள் அதைச் சுகமாக உண்பார்கள். ஒரு மலையின் இரண்டு சடங்குகளில் அரிசி ஒன்றே. கூடச் சேர்வதுதான் வேறு.

ஒவ்வாமைக்குப் பயந்து உணவைத் தள்ளிவைப்பது நெடுநாள் வைத்திய அறிவுரையாகவே இருந்தது. ஒவ்வாமை வரக்கூடிய பிள்ளைகளுக்குப் பசும்பால் ஒரு வயது வரை, முட்டை இரண்டு வரை, கச்சானும் மீனும் மூன்று வரை வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2000இல் சொன்னது. 2008இல் அந்த அறிவுரையைக் கைவிட்டது. அதே ஆண்டு கிடியன் லாக் என்ற வைத்தியரும் அவருடைய குழுவினரும் ஒரு வேறுபாட்டை வெளியிட்டார்கள்: பிரித்தானியாவில் வளரும் யூதப் பிள்ளைகளுக்கு, இஸ்ரேலில் வளரும் யூதப் பிள்ளைகளைவிடக் கச்சான் ஒவ்வாமை சுமார் பத்து மடங்கு. இஸ்ரேல் பிள்ளைகள் பல் முளைக்கும் வயதிலேயே கச்சான் தின்பண்டம் தின்றவர்கள். பிறகு கடும் கரப்பனோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குக் கச்சான் உணவைத் தொடர்ந்து கொடுத்தார்கள். முடிவு 2015இல் வந்தது. ஐந்து வயதில், விலக்கியவர்களில் சுமார் 17 வீதத்தினருக்கு ஒவ்வாமை. உண்டவர்களில் சுமார் 3 வீதத்தினருக்கு மட்டுமே.

இதற்குச் சொல்லப்படும் விளக்கம் தோலைப் பற்றியது. வாய்வழி போகும் உணவை உடல் உறவாக ஏற்கப் பழகுகிறது. வெடித்த தோல்வழி நுழைந்தால் அதையே பகையாகக் கொள்கிறது. பயற்றம் மா தேய்த்துக் குளிப்பாட்டும் வீடுகள் இதைக் கவனிக்கவேண்டும். கரப்பன் உள்ள தோலில் மா, பால், கடலை எண்ணெய் எதுவும் பூசாமல், வைத்தியர் தந்த களிம்பால் கரப்பனை ஆற்றுவதே முதற்படி.

கொடுக்கும் முறை எளிது. பிள்ளை சுகமாக உள்ள நாளில், காலையில், ஒரே ஒரு புதிய உணவு. நன்றாக அவித்த முட்டையை மசித்துக் கரண்டி நுனியளவு. கச்சானை விழுதாக்கி நீர்க்கக் கரைத்து. முழுக் கச்சான் மூச்சுக்குழாயை அடைக்கும், ஐந்து வயதுவரை கூடாது. ஒத்துக்கொண்ட உணவை வாரத்தில் சில முறை தொடரவேண்டும். கடும் கரப்பனோ முன்பே ஒவ்வாமையோ உள்ள பிள்ளைக்கு இதை வீட்டில் தொடங்காமல் வைத்தியரிடம் காட்டவேண்டும். கண்டிப் பகுதிக்குப் பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் விட்டுக் கொழுந்தெடுக்கப் போகும் தாய், ஆகாத உணவுகளை அங்குள்ள ஆயாவிடமும் சொல்லிவைக்கவேண்டும். தேத்தண்ணியில் தோய்த்த ஒரு பிஸ்கட்டில் கோதுமையும் பாலும் சேர்ந்தே இருக்கும்.

உண்ட சில நிமிடத்திலிருந்து இரண்டு மணிநேரத்துக்குள் தடிப்பு, உதட்டு வீக்கம், வாந்தி வந்தால் அந்த உணவை நிறுத்தவேண்டும். மூச்சு இரைத்தால், பிள்ளை துவண்டால் 1990 என்ற எண்ணில் சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கவேண்டும். அட்ரினலின் ஊசியே உயிர்காக்கும் மருந்து. மீன் தின்று முகம் சிவப்பதெல்லாம் ஒவ்வாமை அல்ல. கடலிலிருந்து மலையேறும் சூரை மீன் குளிர் தவறினால் அதில் ஹிஸ்டமின் ஊறும், சமைத்தாலும் போகாது. அந்த ஒரு நாளை வைத்துப் பிள்ளைக்கு மீனையே மறுப்பது வீண் இழப்பு.

பால், முட்டை ஒவ்வாமை பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரத் தணியும். கச்சான் ஒவ்வாமை ஐந்தில் ஒருவருக்கே தணியும். ஆகவே விலக்கிய உணவை எப்போது மீண்டும் பார்ப்பது என்று ஒவ்வொரு கிளினிக்கிலும் கேட்கவேண்டும். தாய்ப்பாலைக் கடைசியாக, ஒவ்வொரு வேளையாகக் குறைத்து நிறுத்தலாம். ஒரு வயதுக்குள் நிறுத்த நேர்ந்தால், பசும்பால் ஒவ்வாத பிள்ளைக்குப் புரதம் சிதைத்த விசேட பால்மா தேவை. அதன் விலை பல குடும்பங்களுக்கு எட்டாது. உணவு ஒவ்வாத பிள்ளையின் தாய் பாலூட்டலைத் தொடர வீடும் வேலைத்தலமும் துணைநிற்க இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.