பதினைந்து வயதில் ஒரு முடிவு

எங்கள் மகள் அல்லாஹ்வின் கிருபையால் பத்தாம் வகுப்பை நன்முறையில் முடித்துவிட்டாள். மருத்துவராக வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் நிய்யத். மரக்காணத்து உப்பளங்களில் உச்சி வெயிலில் உப்பு வாரும் பெண்களின் வெடித்த பாதங்களையும், கூசிச் சிவந்த கண்களையும் பார்த்தே வளர்ந்தவள். பெண் மருத்துவரிடம்தான் காட்ட வேண்டுமென்று எங்கள் தெருப் பெண்கள் நோயைப் பொறுத்துக்கொண்டு நாள் கடத்துவதையும் அவள் அறிவாள். ஆகவே அவளது ஆசையைப் பற்றி எங்களுக்குள் பேச்சில்லை. பதினோராம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவு என்பதில்தான் வீடு இரண்டுபட்டது.

அமெரிக்காவில் வாழும் எங்கள் மைத்துனர், “பிடித்ததைப் படிக்கட்டும், மருத்துவத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்றார். அங்கே முறை அதுதான். பொதுவாக நான்காண்டுப் பட்டப்படிப்புக்குப் பின்னரே மருத்துவக் கல்லூரி. தேவையான அறிவியல் பாடங்களை முடித்திருந்தால் வரலாறு பயின்றவரும் விண்ணப்பிக்கலாம். நம் நாட்டிலோ பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கையோடு எம்.பி.பி.எஸ். நான்கரை ஆண்டுப் படிப்பு, பின்னர் ஓராண்டுப் பயிற்சி. மீசை அரும்பாத வயதில், பாவாடை சட்டை மாறாத வயதில், பிள்ளைகள் பாதையைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

நீட் தேர்வின் 720 மதிப்பெண்களில் உயிரியலுக்கு மட்டும் 360. கணிதம் அறவே இல்லை. எனவே தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிப் பாடங்களாக உள்ள தூய அறிவியல் பிரிவே போதும் என்றார் எங்களுள் ஒருவர். உயிரியலோடு கணிதமும் உள்ள பிரிவே வேண்டும் என்றார் மற்றவர். கணிதம் கைவந்தால் இயற்பியல் கணக்குகள் மிரட்டா. மருத்துவ இடம் கிட்டாவிடினும் பொறியியல் வாசல் திறந்திருக்கும்.

இதற்கிடையில், நீட் பயிற்சியோடு கூடிய தனியார் உறைவிடப் பள்ளியில் சேர்க்கும்படி உறவினர் பலர் வற்புறுத்தினர். நாங்கள் மறுத்தோம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் சட்டம் 2020இல் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவளை இப்போது இடம் மாற்றினால் அந்த உரிமை போய்விடும். அவ்வொதுக்கீட்டில் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. வட்டிக் கடன் வாசற்படி ஏறக்கூடாது என்று வாழும் குடும்பங்களுக்கு இது சிறிய செய்தி அன்று.

முஸ்லிம்களுக்கான 3.5 விழுக்காடு ஒதுக்கீடும் 2007 முதல் உள்ளது. அதற்குரிய சாதிச் சான்றிதழைக் கலந்தாய்வு நெருங்கும்வரை தேடாமலிருக்கும் பெற்றோரைக் கண்டு வியக்கிறோம். இன்னொன்று: கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நமக்கு அருகில்தான்; ஆயினும் அங்குள்ள ஒன்றியப் பிரதேச ஒதுக்கீட்டு இடங்கள் நம் பிள்ளைகளுக்கு உரியவை அல்ல. 2020 முதல் நீட் வழியே சேர்க்கும் ஜிப்மரின் பொது இடங்களுக்குப் போட்டியிடலாம். மற்றபடி நம் மாவட்டத்திற்கு முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

மருத்துவம் கற்பது ஃபர்ளு கிஃபாயா என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் எழுதினார்கள். ஓர் ஊரில் அதை அறிந்தோர் இல்லையெனில் ஊரே பொறுப்பாளி. போதுமானோர் முன்வந்தால் மற்றோர் மீது குற்றமில்லை. அந்தக் கடமையை எம்.பி.பி.எஸ். என்ற நான்கெழுத்துக்குள் அடைத்துவிட எங்களுக்கு மனமில்லை. செவிலியம், இயன்முறை மருத்துவம், மருந்தியல் ஆகிய வழிகளும் இருக்கின்றன. உப்பளத்துப் பெண்ணின் இடுப்பு வலிக்கு இயன்முறை மருத்துவரும்தான் தேவைப்படுகிறார். ஆண்டுக்கணக்கில் நீட்டையே திரும்பத் திரும்ப எழுதவைத்துப் பெண்பிள்ளையை வீட்டில் வாடவிடுவதை நாங்கள் ஏற்கவில்லை. ஒருமுறை மீண்டும் எழுதலாம். அதற்குமேல் வேண்டாம் என்று அவளிடம் இப்போதே சொல்லிவிட்டோம். அவளும் ஒப்புக்கொண்டாள்.

இரண்டு இரவுகள் இஸ்திகாரா தொழுதாள். மூன்றாம் நாள் விண்ணப்பத்தில் உயிரியல், கணிதம் என்று தன் கையாலேயே எழுதினாள். பக்கத்து வீட்டு அக்காவின் பழைய கணிதப் புத்தகம் இப்போது எங்கள் வீட்டு மாடத்தில் இருக்கிறது. முதல் பாடத்தைத் தொடங்கியிருக்கிறாள்.