இடுப்புக்கு ஆறு, ஆற்றுக்கு மீதி!

திருவக்கரை வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் பௌர்ணமியன்று போனவர்களுக்குத் தெரியும். திண்டிவனத்தில் ஏறும்போது பஸ்ஸில் ஒற்றைக் கால் வைக்க இடம் கிடைத்தாலே அது அம்மன் அருள்தான். போன தடவை என்னோடு வந்த ஆபீஸ் நண்பன், இடுப்பைப் பிடித்துக்கொண்டேதான் இறங்கினான். "உயிர் போகுதுடா மாப்ளே!" பையிலிருந்து டைக்ளோஃபினாக் ஜெல்லை எடுத்து, பெயின்ட் அடிக்கிற மாதிரி பூசினான். பத்தே நிமிஷம்... சங்கராபரணியில் இறங்கி சோப்புப் போட ஆரம்பித்துவிட்டான்.

நான் பி.காம். எனக்குக் கணக்குதான் வரும். இந்த ஜெல்லில் சுமார் 6 சதவிகிதம்தான் தோல் வழியாக உடம்புக்குள் போகிறதாம். 100 ரூபாய்க்கு வாங்கினால் இடுப்புக்கு 6 ரூபாய். மீதி துண்டுக்கும் சோப்புத் தண்ணீருக்கும்! மாத்திரையாக விழுங்கினாலும் கொஞ்சம் அப்படியே வெளியே வந்துவிடும். சாக்கடையைச் சுத்திகரிக்கிற நிலையத்தில் இந்த மருந்து முழுசாகப் போகாது. காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி மூன்றிலும் வலி மாத்திரை மருந்துகள் இருப்பதை 2014-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது.

இருந்துட்டுப் போகட்டுமே, மீனுக்கும் இடுப்பு வலிக்காதா என்கிறீர்களா? ஜெர்மனியில் டிரவுட் மீன்களை, லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் டைக்ளோஃபினாக் கலந்த தண்ணீரில் 28 நாள் விட்டுப் பார்த்தார்கள். சிறுநீரகமும் செவுளும் கெட்டுப் போயிருந்தன. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, சார்!

பிணந்தின்னிக் கழுகுகளின் கதை இன்னும் மோசம். அவற்றுக்கு இந்த மருந்து போனது ஆறு வழியாக அல்ல, மாடு வழியாக. ஊசி போட்ட மாடு செத்தால், அதைத் தின்ற கழுகுக்கும் சிறுநீரகம் போச்சு. இந்தியாவில் வெண்முதுகுக் கழுகுகள் 1992-லிருந்து 2007-க்குள் 99 சதவிகிதத்துக்கும் மேல் அழிந்தன. காரணம் இதுதான் என்று 2004-ல்தான் கண்டுபிடித்தார்கள். 2006-ல் மாட்டுக்கான டைக்ளோஃபினாக்குக்குத் தடை வந்தது. நம்ம ஆட்கள் சும்மா இருப்பார்களா? மனுஷனுக்கு வந்த பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குக் குத்தினார்கள். 2015-ல் அதையும் 3 மில்லிக்கு மேல் விற்கக்கூடாது என்றது மத்திய அரசு. கம்பெனிகள் கேஸ் போட்டன. 2017-ல் சென்னை ஐகோர்ட் அரசு பக்கம் நின்றது. தமிழ்நாட்டில் மிச்சமிருக்கும் கழுகுகள் பெரும்பாலும் நீலகிரி அடிவாரத்து மாயாறு பக்கம்தான்.

ஊரில் மாடு வைத்திருக்கிற மாமனார் இருந்தால் ஒரு போன் போடுங்கள். டாக்டரிடம் மெலாக்சிகாம் கேட்கச் சொல்லுங்கள். அது கழுகை ஒன்றும் செய்யாது. ஜெல் தடவிய கையை, கழுவும் முன் ஒரு காகிதத்தில் நன்றாகத் துடைத்துக் குப்பையில் போடுங்கள். குளியல் முதலில், ஜெல் அப்புறம்.