கனகராயன்குளத்து ஜிம்மி கார் ஏறிய கதை

வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குச் செல்லும் பிரயாணிகளுக்குக் கனகராயன்குளம் பெரும்பாலும் ஒரு பெயர்ப்பலகை மாத்திரமே. ஓமந்தையையும் புளியங்குளத்தையும் கடந்து வரும் வாகனங்கள், மாங்குளத்தை எண்ணிக்கொண்டு அவ்வூரை விரைந்து தாண்டிவிடுகின்றன. நாமும் பல வருடங்களாக அவ்வாறு தாண்டிச் சென்றவர்களே. அப்படிப்பட்ட எம்மைச் சென்ற ஆனி மாதத்தில் இருபத்துநான்கு நாட்கள் அவ்வூரிலேயே தங்க வைத்தது நான்கு மாத வயதுடைய ஒரு நாய்க்குட்டி என்றால், வாசகர்கள் நகைக்கக்கூடும். நகைப்புக்குரிய விஷயந்தான். ஆயினும் அதன் பின்னால் நகைக்க முடியாத ஒன்றும் இருந்தபடியால் இதனை எழுத முற்பட்டோம்.

கனகராயன்குளத்தில் எமது பெரியம்மா தனியே வசித்து வந்தார். வயது எழுபத்தாறு. மாரிக்கு முன்னர் அவரை யாழ்ப்பாணத்துக்கு அழைத்துவந்து எம்முடன் வைத்துக்கொள்வதென்று குடும்பத்தில் எல்லோருமாகத் தீர்மானித்திருந்தோம். கிணற்றடியில் ஒரு முறை வழுக்கி விழுந்த பின்னர் அவரும் அரைமனத்துடன் இசைந்தார். ஒரேயொரு நிபந்தனை விதித்தார்: ஜிம்மியும் வரவேண்டும்.

செம்மை நிறமும், நெற்றியில் வெள்ளைச் சுட்டியும், ஒரு பக்கம் மடிந்த காதும் கொண்ட நாட்டு நாய்க்குட்டி அது. இரண்டு மாதக் குட்டியாக இருந்தபோது, நெடுங்கேணிப் பக்கத்திலிருந்து உரச்சாக்கில் இட்டு, லான்ட்மாஸ்ரர் பெட்டியில் ஏற்றி, கிரவல் வீதியின் பள்ளந்திட்டிகள் அனைத்திலும் குலுக்கி எடுத்து வந்திருக்கிறார்கள். அன்று தொடக்கம் எந்திர ஒலி கேட்டால் நெல்மூட்டைகளின் பின்னால் ஒளிந்துவிடும். இவ்விபரத்தை நாம் பின்னரே அறிந்தோம்.

முதல் நாள் நாம் செய்த பிழை

அறியாமையினால் நாம் செய்தது இதுதான்: காலையில் வயிறு நிறையப் பாலும் சோறும் ஊட்டி, குட்டியைத் தூக்கிக் காரினுள் வைத்துக் கதவை அடைத்துப் புறப்பட்டுவிட்டோம். படலையைத் தாண்டுமுன்னரே அதன் உடல் நடுங்கத் தொடங்கியது. வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகிற்று. பிரதான வீதியில் ஏறியதும் ஊளையிட்டது. மாங்குளத்தை அடைவதற்குள் உண்டதையெல்லாம் பெரியம்மாவின் மடியிலேயே கக்கிவிட்டது. "கொஞ்ச நேரத்தில் பழகிவிடும்" என்று சொல்லிக்கொண்டு நாம் மேலும் ஓட்டினோம். பெரியம்மா பேசவில்லை. சற்று நேரங்கழித்து, குரலை உயர்த்தாமலே, "தம்பி, காரைத் திருப்பு. இல்லாவிட்டால் நிற்பாட்டு. நானும் இதுவும் இறங்கிக்கொள்ளுகிறோம்" என்றார்.

காரைத் திருப்பினோம்.

அன்று மாலை திண்ணையில் இருந்தபடி அவர் சொன்ன கதை இது. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஷெல் வீச்சு நெருங்கி வந்தபோது, ஊர் முழுவதும் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தது. உழவு இயந்திரப் பெட்டியில் சனங்களுக்கே இடம் போதவில்லை. பெரியம்மாவிடம் அப்போது வீமன் என்றொரு நாய் இருந்தது. சங்கிலியைக் கழற்றிவிட்டு, ஒரு பானை நிறையச் சோறும் ஒரு வாளி தண்ணீரும் வைத்துவிட்டு ஏறினாராம். அது வெகுதூரம் பின்னால் ஓடிவந்து, பின்னர் நடந்துவந்து, பின்னர் நின்றுவிட்டதாம். விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று அலைந்து, செட்டிகுளத்து முகாமில் கிடந்து, 2010இல் ஊர் திரும்பியபோது வளவில் பற்றைதான் இருந்தது, வீமன் இல்லை. "இன்னொன்றை விட்டுப்போட்டு வரமாட்டேன்" என்று முடித்தார். இதன்மேல் வாதாட எமக்கு என்ன இருக்கிறது? விடுமுறையை நீடித்துக்கொண்டு அங்கேயே தங்கினோம்.

வைத்தியர் சொன்ன விளக்கம்

எமக்குத் தெரிந்த மிருக வைத்தியர் ஒருவருடன் தொலைபேசியில் பேசினோம். விசர்நாய்க்கடித் தடுப்பூசி போட்டாயிற்றா என்று முதலில் வினவியறிந்த பின்னர், அவர் இரண்டு விஷயங்களைப் பிரித்துக் காட்டினார்.

முதலாவது, உடல் சம்பந்தமானது. உட்காதினுள் சமநிலையை உணரும் உறுப்பொன்று உண்டு. வண்டி ஓடும்போது கண் ஒன்றையும் காது வேறொன்றையும் மூளைக்கு அறிவிப்பதனால் குமட்டல் உண்டாகிறது. வளர்ந்த நாய்களைவிடக் குட்டிகளுக்கே இது அதிகம். பல குட்டிகளுக்கு வயது ஏறத் தானாகவே குறைந்துவிடும். இரண்டாவது, மனம் சம்பந்தமானது. ஒரு முறை குமட்டலையும் குலுக்கலையும் அனுபவித்த குட்டி, அடுத்த முறை வண்டியைக் கண்டதுமே அவற்றை எதிர்பார்த்து நடுங்குகிறது. மணியோசை கேட்டு உமிழ்நீர் சுரந்த நாய்களைப் பற்றி நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். 1904இல் நோபல் பரிசு பெற்ற ருஷ்ய அறிஞர் பவ்லோவ் எடுத்துக்காட்டிய அதே நியதிதான் இங்கும் செயற்படுகிறது.

மூன்று வாரம் முதல் பன்னிரண்டு வாரம் வரையுள்ள பருவம் நாய்க்குட்டிக்கு மிக முக்கியமானது என்பதை, அமெரிக்க ஆராய்ச்சியாளர்களான ஸ்கொட், புல்லர் ஆகிய இருவரும் 1965இல் வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளனர். அப்பருவத்தில் இதமாகப் பழகியவை ஆயுள் முழுவதும் இதமாயிருக்கும். பயந்தவை எளிதில் மறையா. எமது ஜிம்மி அப்பருவத்திலேதான் சாக்கினுள் கிடந்தது. ஆகவே பொறுமை கூடுதலாகத் தேவை என்றார் வைத்தியர்.

பரிகாரமும் அவர் வாயிலாகவே கிடைத்தது. அதன் மூலம் ஒரு குழந்தையின் கதையில் இருக்கிறது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, முயலைக் கண்டு அஞ்சிய பீற்றர் என்னும் சிறுவன் விருப்பமான உணவை உண்ணும் வேளையில், முயற்கூட்டைத் தூரத்தில் வைத்து, நாளுக்கு நாள் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார். ஈற்றில் அவன் முயலைத் தடவி விளையாடினான். முயலுக்குப் பதிலாகக் காரை வைத்துக்கொள்ளுங்கள் என்றார் வைத்தியர். ஒரு விதி மாத்திரம்: அச்சம் தலைகாட்டுவதற்கு முன்னரே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இருபத்துநான்கு நாட்கள்

முற்றத்துப் பாலைமர நிழலில் காரை நிறுத்தி, நான்கு கதவுகளையும் திறந்துவிட்டோம். எந்திரம் அணைந்தபடியே இருந்தது. முதல் நாள் பத்து முழத் தூரத்தில் ஜிம்மியின் கோப்பையை வைத்தோம். அவித்த கோழியீரலின் சிறு துண்டுகள் அதில். இரண்டாம் நாள் ஐந்து முழம். நான்காம் நாள் சக்கரத்தின் அருகே. ஆறாம் நாள் கதவடியில் முன்னங்கால்களை வைத்து எட்டி உண்டது. அன்று நாம் தூக்கி உள்ளே வைத்திருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். ஏழாம் நாள், பின்னாசனத்தில் விரித்திருந்த பெரியம்மாவின் பழஞ்சேலையை மோந்துவிட்டுத் தானாகவே ஏறிற்று. பெரியம்மா ஏற்கெனவே அங்கு அமர்ந்திருந்தார்.

அடுத்து, எந்திர ஒலி. பக்கத்து வளவுப் பையன் எந்திரத்தை இயக்க, நாம் கிணற்றடியில் நின்று ஜிம்மிக்கு ஈரல் கொடுத்தோம். காதுகள் பின்னே படிந்தன, ஆயினும் உண்டது. ஒவ்வொரு நாளும் சில அடிகள் அண்மித்தோம். அதன் பின்னர் கதவடைத்து ஒரு நிமிடம், ஓடாமல். பின்னர் படலை வரை ஓட்டிச் சென்று திரும்பினோம்.

பதின்மூன்றாம் நாள் எமது அவசரம் மீண்டும் தலைதூக்கிற்று. நன்றாகத்தானே இருக்கிறது என்று எண்ணிப் பிரதான வீதிச் சந்திவரை கொண்டுசென்றோம். பின்னால் வந்த பஸ் ஒன்று நீண்ட ஹோர்ன் ஒலியுடன் எம்மைக் கடந்து சென்றது. ஜிம்மி ஆசனத்தின் கீழ் நுழைந்தது. வீடு வந்தும் வெளிவர மறுத்தது. அடுத்த நாள் காரின் அருகே வரவில்லை. மீண்டும் சக்கரத்தடிக் கோப்பையிலிருந்து தொடங்கினோம். ஒரு நிமிட அவசரத்துக்கு மூன்று நாட்களைக் கொடுத்தோம். கொட்டாவி, உதட்டை நக்குதல், தலையை மறுபுறம் திருப்புதல் ஆகிய சிறு குறிகள் நடுக்கத்துக்கு முன்னரே தோன்றுகின்றன என்பதையும் அப்போதுதான் கவனிக்கக் கற்றுக்கொண்டோம்.

சிறு ஓட்டங்களின் முடிவிடம் இனிய இடமாக இருக்கவேண்டுமென்பது வைத்தியரின் மற்றோர் ஆலோசனை. ஆகவே மாலை தோறும் குளக்கட்டுக்குப் போனோம். வெயில் தணிந்த வேளையில் அக்குளக்கட்டைப்போல் மனத்துக்கு அமைதி தரும் இடம் வேறொன்றை நாம் கண்டதில்லை. வற்றிய நீரின் ஓரத்தில் கொக்குகள், மறுகரையில் மயில்கள், அப்பால் பாலையும் வீரையும் முதிரையும் நிறைந்த காடு. பாலைப்பழக் காலமாதலால் சிறுவர்கள் உதடு ஒட்ட ஒட்டப் பழம் தின்றுகொண்டு ஜிம்மியுடன் ஓடினார்கள். இருள்வதற்கு முன்னர் யானைக்கு அஞ்சி எல்லோரும் வீடு திரும்புவார்கள்.

இன்னொன்றையும் அந்நாட்களில் கண்டோம். ஊர் திரும்பிய பின்னர் பெரியம்மா கோவிலுக்கும் கடைக்கும் தவிர வேறெங்கும் சென்றதில்லை என்று அயலவர்கள் கூறினர். இந்த வீதி 2002 ஏப்ரலில் திறக்கப்பட்டு, 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டு, 2009இல் போர் முடிந்த பின்னரே பொதுமக்களுக்கு வழிவிட்டது. வண்டியேறினால் திரும்பிவர இயலாது என்ற எண்ணம் அவர் மனத்தில் ஊறியிருக்கவேண்டும். ஜிம்மிக்காக என்று தொடங்கிய ஓட்டங்களில் அவரும் நாளுக்கு நாள் கொஞ்சம் தூரம் கூடுதலாக வந்தார்; ஒவ்வொரு நாளும் வீடு திரும்பினார். பத்தொன்பதாம் நாள், "இன்றைக்குப் புளியங்குளம் மட்டும் போவோமா?" என்று அவரே கேட்டார்.

பிரயாணம்

புறப்படும் நாளில் விடியற்காலையைத் தேர்ந்துகொண்டோம். முந்தின இரவு உணவுக்குப் பின்னர் ஜிம்மிக்குத் தண்ணீர் தவிர எதுவும் கொடுக்கவில்லை. பின்னாசனத்தில் பிரம்புக் கூடை, அதனுள் அப்பழஞ்சேலை. மார்புப் பட்டியை ஆசனப் பட்டியுடன் இணைத்தோம். மடியில் வைத்திருந்தால் திடீரெனப் பிரேக் பிடிக்கும்போது குட்டிக்கும் ஆபத்து, மனிதருக்கும் ஆபத்து. காற்று வரக் கண்ணாடியைச் சிறிது இறக்கினோம். தலையை வெளியே நீட்டுமளவுக்கு அல்ல.

மாங்குளத்தில், முன்னர் கக்கிய அதே இடத்துக்குச் சற்று அப்பால், நிறுத்தி நடக்கவிட்டோம். ஒன்றும் நிகழவில்லை. முறிகண்டியில் எவரும் நிற்காமல் போவதில்லை. பெரியம்மா இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். நாம் ஜிம்மியுடன் மர நிழலில் நின்று கச்சான் வாங்கினோம். காரினுள் அதனைத் தனியே விட்டுச் செல்லவில்லை. வெளியில் 30 பாகை வெப்பம் இருக்கும்போது, பூட்டிய காரினுள் பத்து நிமிடத்தில் ஏறத்தாழ 40 பாகை ஆகிவிடும். நாய் மனிதரைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. இளைத்தே உடலைத் தணிக்கிறது. வன்னி வெயிலில் அது போதாது.

அப்பால் சென்றபோது கிழக்குத் திசையைக் காட்டி, "எங்கள் ஆறு அங்கேதான் போய்ச் சேருகிறது" என்றார் பெரியம்மா. உண்மைதான். கனகராயன் ஆறு வடக்கே ஓடி இரணைமடுக் குளத்தை நிரப்பி, கிளிநொச்சி வயல்களை விளைவிக்கிறது. எம்மைவிட நெடுங்காலமாக அவ்வாறு அதே திசையில் பிரயாணம் செய்துவருகிறது என்று எண்ணிக்கொண்டோம். கிளிநொச்சியைக் கடந்தபோது ஜிம்மி கூடையினுள் சுருண்டு தூங்கிவிட்டது. ஆனையிறவில் நீரேரிக் காற்று உள்ளே அடித்தபோது ஒரு கண்ணைத் திறந்து மோந்துவிட்டு மீண்டும் மூடிக்கொண்டது. பளை, கொடிகாமம், சாவகச்சேரி என்று நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தை, வழியில் நான்கு தடவை நிறுத்தி, நான்கு மணி நேரத்தில் கடந்தோம். எச்சில் ஒரு சொட்டுத்தானும் சேலையில் இல்லை.

வீட்டு வாசலில் கதவைத் திறந்து அழைத்தபோது ஜிம்மி இறங்க மறுத்துவிட்டது. காரினுள் இருப்பதே சுகமென்று அதற்குத் தோன்றியிருக்கவேண்டும். "விடு, தம்பி. நாங்கள் இரண்டுபேரும் ஆறுதலாக இறங்குகிறோம்" என்று பெரியம்மா பின்னாசனத்தில் இருந்தபடியே கூறினார். அவருடைய கை குட்டியின் முதுகின்மேல் இருந்தது. நாம் எந்திரத்தை அணைத்து, நான்கு கதவுகளையும் திறந்துவிட்டு, தேநீர் வைக்கச் சொல்ல உள்ளே போனோம்.