திண்டிவனம் தம்பியும் 16 சேனலும்

திண்டிவனத்துல ஒரு தம்பி இருக்கான். மெல்லிசைக் குழுவுல கீபோர்டு. சித்திரையும் ஆடியும்தான் அவனுக்கு அறுவடை, மத்த நாள் செல்போன் கடை. கையில இருக்கிறது யமஹா பி.எஸ்.ஆர்-ஐ455. 61 கட்டை, நம்ம ஊருக்குன்னே தபேலா தம்புரால்லாம் போட்டு விட்ட மலிவு ரகம். "பெரிய கீபோர்டு வாங்கு, இல்லேன்னா வேற ஆள் பாத்துக்கறேன்"னு குழு ஓனர் சொல்லிட்டார். வட்டிக்குக் கடன் வாங்கலாமாண்ணேன்னு பஸ் ஏறி விழுப்புரம் வந்துட்டான் எங்கிட்ட யோசனை கேக்க.

ஓனருக்குச் சத்தத்துல குறை இல்லை மக்களே. சத்தம் மாத்த நேரமாகுது, அதான் குறை. பல்லவி முடிஞ்சு புல்லாங்குழல் வர்றதுக்குள்ள இவன் இருட்டுல நம்பர் அமுக்கிட்டு இருப்பான். ரிஜிஸ்ட்ரேஷன் மெமரி 8 பேங்க், பேங்குக்கு 4, ஆக 32. ராத்திரிக்கு நாப்பது பாட்டு, பாட்டுக்கு ரெண்டு மூணு சத்தம்னா எந்த மூலைக்கு?

எங்கிட்ட ஒரு பழைய லேப்டாப் கிடந்தது. 1983ல வந்த மிடிக்கு 16 சேனல். கீபோர்டுல 'லோக்கல்'னு ஒண்ணு இருக்கும், அதை ஆஃப் பண்ணா கட்டைக்கும் சத்தத்துக்கும் உறவு அத்துடும். அமுக்குற கட்டை யு.எஸ்.பி வழியா லேப்டாப்புக்குப் போகும். அங்க ரீப்பர்னு ஒரு மென்பொருள்ல சேனலுக்கு ஒரு ட்ராக். எந்த ட்ராக்கைத் தேர்ந்தெடுக்கறமோ அந்தச் சேனல் வழியா திரும்ப கீபோர்டுக்கே வந்து ஒலிக்கும். 16 சத்தமும் முன்னாடியே ஏறித் தயாரா நிக்கும். ஒலியை உண்டாக்குறது கீபோர்டுதான், பொட்டி வெறும் போஸ்ட்மேன். அதனால கிழட்டு லேப்டாப்பே தாராளம்.

சத்தத்துக்கு மூணு நம்பர்: பேங்க் ரெண்டு, ப்ரோக்ராம் ஒண்ணு. கையேட்டுப் பட்டியல்ல ப்ரோக்ராம் 1லேர்ந்து 128, பல மென்பொருள்ல 0லேர்ந்து 127. ஒண்ணு கழிக்காம விட்டா வயலின் இருக்க வேண்டிய இடத்துல வயோலா வந்து உக்காந்திருக்கும். பாட்டுக்கு ஒரு கோப்புன்னு ரெண்டு ஞாயித்துக்கிழமைல முடிச்சோம். எல்லாம் சேர்ந்து பென் டிரைவ்ல ஒரு மூலைக்குக் காணாது.

மயிலம் பக்கம் ஒரு தீமிதி. பாட்டு அட்டகாசமாப் போய்ட்டிருக்கு. "லேப்டாப்ல ட்ராக் ஓட்டிட்டு சும்மா கையாட்டுறான்டா"ன்னு முன்வரிசைல ஒரு குரல். ஒரு அண்ணன் மேடையேறி வயரையே புடுங்கிட்டார்! லோக்கல் ஆஃப்ல இருக்கே... கீபோர்டு ஊமை. "பாத்தியா, நான் சொல்லல?"ன்னு விசில். தம்பி முகம் செத்துப் போச்சு. கை நடுங்கினாலும் லோக்கலை ஆன் பண்ணி, அதே பாட்டோட ரெண்டாம் இடையிசையை வெறும் கீபோர்டுல வாசிச்சான் பாருங்க, அந்த அண்ணனே வயரைத் திரும்பக் குத்திக் குடுத்துட்டு இறங்கிப் போனார். வாசிக்கிறவன் கையைச் சந்தேகப்படறது எனக்குக் கோபம்தான். ஆனா நிஜமாவே ட்ராக் ஓட்டுறவங்க ஊருக்குள்ள இருக்கறப்ப ஜனத்தை மட்டும் குத்தம் சொல்லி என்ன பண்றது? இப்பல்லாம் ஓனரே மைக்குல "தம்பி, கையை எடு"ம்பார். எடுப்பான், சத்தம் நிக்கும், கைதட்டு கிடைக்கும். கடன் பேச்சும் நின்னுடுச்சு :-)

தீராத ஒண்ணு நாதஸ்வரம். 1991ல வகுத்த ஜெனரல் மிடியோட 128 சத்தத்துல சிதாருக்கு 105, ஷெனாய்க்கு 112. நாதஸ்வரத்துக்கும் வீணைக்கும் இடமே குடுக்கல. ஷெனாயை வச்சுத்தான் ஒப்பேத்தறோம். பிட்ச் பெண்ட் வழக்கமா ரெண்டு அரைச்சுரம்தான் வளையும், அதைக் கூட்டி வச்சா கமகம் ஓரளவு வருது, கூடவே சக்கரம் துளி தாண்டினா அபஸ்வரமும் வருது. எவ்வளவு வச்சா சரியா இருக்கும்னு தம்பி தினம் கடை மூடினப்புறம் உக்காந்து பாத்துட்டிருக்கான். நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்ணி, "அண்ணே, மூணு வச்சுப் பாத்தேன், கேளுங்க"ன்னான்.