நெல்லிக்கனியும் கருமுட்டையும்

சென்ற கோடை விடுமுறையில் யாம் எமது பெரியன்னையாரின் ஊராகிய கூமாப்பட்டிக்குச் சென்றிருந்தோம். வத்திராயிருப்பை அடுத்து, மேற்கு மலையடிவாரத்தில், நெல்லும் தென்னையும் செழித்திருக்கும் ஊர் அது. 2025-ஆம் ஆண்டில் கைப்பேசிப் படங்களால் அதன் பெயர் நாடெங்கும் பரவிய கதையை அன்பர்கள் அறிவர். ஈண்டு அது வேண்டா.

பெரியன்னையாரின் மகளார், எமக்கு மோர் தந்துவிட்டு, ஒரு மாத்திரைக் குப்பியைக் கொணர்ந்து திண்ணையில் வைத்தார். "தம்பி, நீ உயிர்நூல் கற்பிப்பவனாயிற்றே. இந்த நெல்லி மாத்திரை முட்டையை இளமையாக்குமாமே, மெய்தானா?" என்றார்.

அவருக்கு வயது 38. மணமாகிப் பதினோராண்டுகள் கழிந்தும் மகப்பேறில்லை. மதுரையில் சோதனைக்குழாய் முறையை ஒருகால் முயன்றும் கரு நிலைக்கவில்லை. ஆறு திங்கள் இம்மாத்திரையை உண்டபின் மறுமுறை செல்லலாமெனக் கடைக்காரர் ஒருவர் கூறினாராம்.

பெண்ணின் கருமுட்டைகள் அனைத்தும் அவள் தன் தாய்வயிற்றில் இருக்கும்போதே உண்டாகிவிடுகின்றன. பிறக்கையில் பத்து இருபது இலட்சம். பூப்பெய்துகையில் மூன்று நான்கு இலட்சம். அவை பாதிப் பிளவில் நின்று காத்திருக்கின்றன. ஆகவே 38 வயதுப் பெண்ணின் முட்டைக்கும் வயது 38-க்குக் குறைவன்று. காத்திருப்பு நீள நீள, குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடிக்கும் பிணைப்பு தளர்ந்து, எண்ணிக்கை பிறழ்கிறது. அத்தகைய கருக்களிற் பல வளர்ச்சி குன்றி நின்றுவிடும், அன்றிக் கருப்பையிற் பதியா. பழைய விதைநெல்லின் முளைப்பைச் சொன்னதும் தமக்கையார் உடனே விளங்கிக்கொண்டார்.

எனினும் ஆன்டிஆக்ஸிடன்ட் என்பது வெறுங்கதையன்று. காற்றில் பிராணவாயு நூற்றுக்கு 21 பங்கு. கருப்பைப் பாதையிலோ அதனினும் மிகக் குறைவு. மிகையான பிராணவாயு வெளியில் வளரும் கருவை வருத்தும். ஆதலின் கருவை நூற்றுக்கு 5 பங்கு பிராணவாயுவில் வைத்து வளர்ப்பது நல்லதென்பர். டேவிட் கார்டனரும் ஜப்பானிய மருத்துவர் சிலரும் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பெண்ணின் முட்டைகளை இருகூறாக்கி, ஒரு கூற்றை வளர்க்கும் நீரில் மட்டும் இத்தகைய பொருள்கள் மூன்றைச் சேர்த்தனர். 35 முதல் 40 வயதுடைய பெண்டிரிடம் அந்நீரில் வளர்ந்த கருக்கள் மிகுதியாகப் பதிந்தன. ஆனால் அப்பொருள்கள் சேர்ந்தது கண்ணாடித் தட்டிலுள்ள கருவினிடம்; வாய்வழி உண்ணும் மாத்திரை பற்றிய சான்றுகளோ இன்னும் வலுவற்றவையே.

"அப்படியானால் ஆறு மாதம்?" என்றார்.

"அக்கா, இவ்வயதில் ஆறு மாதமே பெரிது. மருத்துவரைக் கேளாமல் காத்திருக்க வேண்டா" என்றோம்.

அவர் குப்பியை எடுத்து மாடத்தில் வைத்தார். அங்கே, சென்ற பொங்கலுக்கு யாம் புகழ்ந்தெழுதி அனுப்பிய நெல்லி லேகியம் பாதி தீர்ந்த நிலையில் இருந்தது. அதைப்பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. யாமும் சொல்லத் துணியவில்லை. மறுநாள் விடியலில் அவரும் அத்தானும் மதுரைக்குப் புறப்பட்டனர். பேருந்து நிலையம்வரை அவர்தம் பையை யாமே சுமந்து சென்றோம்.