மூடினால் உறங்கிவிட வேண்டுமா?

மடிக்கணினி நம் கைக்கு வரும்போதே சில முடிவுகளோடுதான் வருகிறது. எத்தனை நிமிடம் தொடாமல் இருந்தால் திரை அணைய வேண்டும், மூடியை மூடினால் என்ன ஆக வேண்டும், டச்பேடில் விரல் பட்டால் அதற்கு என்ன பொருள் என எல்லாவற்றையும் யாரோ ஏற்கெனவே தீர்மானித்திருக்கிறார்கள். இதற்கு ‘இயல்புநிலை’ என்று பெயர். இயல்பு என்ற சொல் காதில் விழுந்ததும் யாருடைய இயல்பு என்று கேட்கத் தோன்றுவது, பெண்களுக்கு வாழ்க்கை கற்றுத்தந்த பழக்கம்.

என்னிடம் இருப்பது என் கணவர் பயன்படுத்திய பழைய மடிக்கணினி. உபுண்டு லினக்ஸ் நிறுவித் தந்தார். அதில் இரண்டு கணக்குகள். அவருடையது நிர்வாகி கணக்கு. என்னுடையது சாதாரணக் கணக்கு. முனைவர் பட்டம் வாங்கியவள், கவிதைத் தொகுப்புகள் போட்டவள், அந்தக் கணினியில் சாதாரணம்.

சாதாரணக் கணக்குக்கும் சில உரிமைகள் உண்டு. டச்பேடு அதில் ஒன்று. தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் வலக்கைக்கும் பிரிந்திருப்பதால் இரண்டு கைகளும் ஓயாமல் இயங்கும். உள்ளங்கை ஓரம் டச்பேடில் உரசும். அந்த உரசலைச் சொடுக்கு என்று எடுத்துக்கொண்டு சுட்டி எங்கோ தாவும். எழுதிக்கொண்டிருந்த சொல் மேலே உள்ள பத்தியின் நடுவில் போய் விழும்.

இன்றைய லினக்ஸ் கணினிகளில் டச்பேடைப் பெரும்பாலும் லிப்இன்புட் என்ற நிரல்தான் கையாள்கிறது. தட்டினாலே சொடுக்காகும் வசதியைப் பெரும்பாலான கருவிகளில் அது அணைத்தே வைத்திருக்கிறது. அப்படியொரு வசதி இருப்பதை அறியாதவருக்குக் கணினி தானாக ஏதோ செய்வதுபோல் தோன்றும், அறிந்தவர் தேடிப்போய் இயக்கிக்கொள்வார் என்பது அதன் ஆவணம் தரும் விளக்கம். அறியாதவரை முன்னால் நிறுத்தி யோசித்த அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. என் கணினியில் அது இயக்கத்தில் இருந்தது. அணைத்தேன். தட்டச்சு செய்யும்போது டச்பேடு முடங்கியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். இரண்டு நிமிட வேலை. பட்டதெல்லாம் சம்மதம் அல்ல என்று ஓர் இயந்திரத்திடமாவது எளிதாகச் சொல்ல முடிந்தது.

மூடி விஷயம் அவ்வளவு எளிதாக முடியவில்லை.

என் எழுத்து மேசைக்கும் அடுப்புக்கும் நடுவே நடப்பது. பழைய இதழ்களின் படிமங்களை இறக்கிக்கொண்டிருப்பேன், குக்கர் விசில் அடிக்கும். எழுந்து போகும்போது மூடியைச் சாத்திவிட்டுப் போவேன். முடியாத கவிதை திரையில் திறந்து கிடப்பதை விரும்புவதில்லை. சாத்திய உடனே கணினி உறங்கிவிடும், இறக்கம் நின்றுவிடும். இந்த உறக்கமும் ஓய்வு அல்ல. திறந்திருந்த எல்லாவற்றையும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, அது மறந்துபோகாமலிருக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். தலையில் ஒரு வரியை வைத்துக்கொண்டு சாம்பார் கிளறுகிறவளுக்கு இந்த நிலை புரியும்.

மூடினால் என்ன செய்ய வேண்டும் என்பது லாகின்ட் என்ற அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி. அங்கே உறங்கு என்று இருப்பதைப் பொருட்படுத்தாதே என்றோ பூட்டு என்றோ மாற்றலாம். எனக்கு வேண்டியது பூட்டு. வேலை உள்ளே நடக்கட்டும், கதவு தாழ்போட்டிருக்கட்டும். கோப்பைத் திருத்த சூடோ என்ற கட்டளை வேண்டும். கொடுத்தேன். நிர்வாக அனுமதி பெற்றவர்களின் பட்டியலில் இந்தப் பயனர் இல்லை, இந்தச் சம்பவம் அறிவிக்கப்படும் என்று திரை சொன்னது.

ஆங்கிலத்தில் மின்சாரத்தையும் அதிகாரத்தையும் பவர் என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடலாம். தமிழில் இரண்டும் வெவ்வேறு என்று வகுப்பில் சொல்வதுண்டு. அன்று இரண்டும் ஒரே வரியில் வந்து நின்றன.

“என்னங்க, அந்த நிர்வாகி பாஸ்வேர்டு என்ன?”

“உனக்கு எதுக்கு அது? என்ன மாத்தணும்னு சொல்லு, நானே பண்ணித் தர்றேன்.”

நல்ல மனிதர்தான். கேட்டதை மறுத்ததில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டும். எதற்கு என்று சொல்ல வேண்டும். நான் எழுந்து போகும்போது என் திரை பூட்டியிருக்க வேண்டும் என்பதை, அந்தத் திரையைப் பார்க்கக்கூடிய ஒருவரிடமே விளக்கி அனுமதி வாங்க வேண்டும். “வேலையைச் செஞ்சு தர வேண்டாம், என்னையும் நிர்வாகியா சேத்துடுங்க” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பயனர்கள் பக்கத்தைத் திறந்து, என் பெயருக்கு எதிரே இருந்த நிர்வாகி பொத்தானைத் தள்ளினார். ஒரு பொத்தான்தான்.

வெளியேறி மீண்டும் உள்ளே நுழைந்து வரியை நானே மாற்றினேன். கணினியை மீண்டும் தொடங்கியபின் மூடினால் பூட்டிக்கொண்டது, உறங்கவில்லை. மின்னிணைப்பில் இருக்கும்போது சும்மா கிடந்தாலும் உறங்கக் கூடாது என்று பவர் பக்கத்திலும் அமைத்தேன். இப்படி மாற்றுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கல்லூரிக்குக் கிளம்பும்போது முழுக்க அணைத்துவிட்டே பைக்குள் வைக்க வேண்டும். மூடியபின்னும் ஓடுகிற கணினி பைக்குள் சூடாகிவிடும்.

2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் லட்சக்கணக்கான பெண்பிள்ளைகளின் கையிலும் கணினியைக் கொடுத்தது. அப்படிப் பெற்ற மாணவிகள் என் வகுப்பில் இருந்தார்கள். பதிவேட்டில் அவர்கள் பெயர். பாஸ்வேர்டு அண்ணன் வைத்தது. சிலருக்குக் கணினியே அண்ணனின் அறையில் இருந்தது. கட்டுரையைத் தட்டச்சு செய்து வரச் சொன்னால், “அண்ணன்கிட்ட கேக்கணும் மேம்” என்பார்கள்.

இப்போது ஆண்டுத் தொடக்கத்தில் ஒருங்குறி எழுத்துரு, தமிழ்99 எல்லாம் சொல்லித்தருவதற்கு முன்னால் ஒரு வீட்டுப்பாடம் கொடுக்கிறேன். உங்கள் வீட்டுக் கணினியில் பயனர்கள் பக்கத்தைத் திறந்து, நிர்வாகி யார் என்று பார்த்து எழுதி வாருங்கள். பெண் பெயர் எழுதிய தாள்களை இதுவரை விரல்விட்டு எண்ணிவிடலாம். எண்ணிக்கொண்டிருக்கிறேன்.